பழைய இரும்புக்குப் போகாத எஞ்சின்

எங்கள் ஸ்டோருக்குள் தண்ணீர் புகுந்த காலையில் நான் மருத்துவமனையில் வேலையில் இருந்தேன். அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தையும் இல்லை. பால் தூக்கலாகக் கலந்த தேநீரின் நிறத்தில் தண்ணீர். அதன்மேல் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், ஒற்றைச் செருப்பு, ஒயர் சுற்றும் மரச் சக்கரம். நடுவில் ஒரு பச்சை டாங்கி மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அது எங்கள் எஞ்சின்.

அப்பா விழாக்களுக்கு விளக்கும் மின்சாரமும் கொடுக்கிறவர். கோயில் திருவிழா, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணம், தீபாவளி நேரத்துத் தற்காலிகக் கடைகள் என்று எங்கே ஒயர் எட்டாதோ அங்கே அப்பாவின் லாரி போகும். லாரியில் அந்த டீசல் எஞ்சின் போகும். இவையெல்லாம் தங்கும் இடம் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் பின்பக்க அறை. அறை பின்னாலுள்ள சந்தின் மட்டத்தைவிட ஒரு படி தாழ்வு. மழை வழக்கமாகப் பெய்தால் கால்வாய் வாங்கிக்கொள்ளும். அன்று வானம் ஒரேயடியாகக் கொட்டியது. கால்வாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. சந்தில் நின்ற லாரியும் நனைந்து, இன்னொரு வண்டியால் இழுபட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தாத்தா தஞ்சோங் பகாரில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார். அப்பா தொடக்கப் பள்ளியைப் பாதியில் விட்டு லாரியில் ஏறினார். அம்மா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கையெழுத்துப் போடப் பழகியதே இந்த ஊருக்கு வந்துதான். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைச் சின்ன வயதிலிருந்தே நான்தான் படித்துச் சொல்வேன். எஞ்சினோடு வந்த கையேட்டையும் அப்படித்தான் படித்தேன், அப்பாவுக்காக, பக்கம் பக்கமாக. மற்றப் பிள்ளைகள் படுக்கையில் கதை கேட்டார்கள். எனக்கு இன்ஜெக்டரைக் கழற்றும் முறை தெரியும். நான் தாதியானது அந்த எஞ்சின் ஓடிய காசில். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, பெருமைதான்.

தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்தும் போயிற்று. சேறு போகவில்லை. பல்புப் பெட்டிகளைத் தூக்கினால் அடியட்டை கையோடு வராமல் தரையிலேயே தங்கியது. ஓம் வடிவத்தில் செய்த விளக்குப் பலகைக்குள் செத்த மீன் ஒன்று இருந்தது. அம்மா அதைத் துடைப்பத்தால் எடுத்து வெளியே போட்டார். பக்கத்தில் பெட்டி, பை விற்கும் கடைக்கார பாய், தன் கடையிலும் முழங்கால் சேறு இருக்க, எங்களுக்கு இரண்டு வாளி கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணே, நான் நனைஞ்ச சூட்கேஸ எல்லாம் 'ஒரு தடவ பயணம் போனது'ன்னு சொல்லி வித்துடுவேன். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் நனைஞ்ச பல்ப 'குளிச்சது'ன்னு சொல்லுவேன் பாய்," என்றார் அப்பா. அந்த வாரத்தில் அவர் செய்த முதல் வேடிக்கையும் அதுதான், வெள்ளிக்கிழமை வரைக்கும் கடைசியும் அதுதான்.

காப்புறுதி, அதாவது இன்ஷூரன்ஸ், கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று படம் எடுத்தார். எஞ்சினைக் காட்டி என்னிடம், "திஸ் ஒன் ஸ்கிராப் ஆல்ரெடி லா. டெல் யுவர் ஃபாதர்," என்றார். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் மொழிபெயர்த்த நான் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்க்க மறுத்தேன். அவர் போன பிறகு அப்பா சொன்னார்: "ஸ்கிராப்புன்னா எனக்குத் தெரியாதா பாப்பா? தமிழ்லயும் அதானே."

மறுநாள் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். கொண்டோ எனப்படும் பணக்கார அடுக்குமாடி ஒன்றில் பாதுகாவலர்களுக்கு மேற்பார்வையாளர். சேறு படாத மூலையாகப் பார்த்து நின்றுகொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"டேய், போதும்டா. உனக்கு வயசு என்ன ஆவுது? நம்ம இடத்துல ஆள் எடுக்குறாங்க. ஏர்கான் ரூம், உக்காந்துக்கிட்டு கேட்டத் தொறந்து மூடணும், அவ்ளோதான். சனிக்கிழம காலையில பழைய இரும்புக்காரன் லாரிய வரச் சொல்லிட்டேன். இத ஏத்தி அனுப்பிடு."

"சனிக்கிழம சாயந்திரம் எனக்கு புக்கிட் மேராவுல ரதம் இருக்கு," என்றார் அப்பா.

புக்கிட் மேராவில் ஒரு சின்னக் கோயில். அதன் திருவிழாவில் ரதம் புளோக்குகளைச் சுற்றி வரும். ரதத்தின் பின்னால் இழுக்கும் தட்டு வண்டியில் எங்கள் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த ரதத்துக்கு வெளிச்சம் அப்பாதான்.

"எத வெச்சு வெளிச்சம் குடுப்ப? மெழுகுவத்தியா?" என்றார் பெரியப்பா.

"சனிக்கிழம வரைக்கும் டைம் இருக்குல்ல பெரியப்பா," என்றேன் நான்.

"நீ ஏம்மா மிஸ்ஸி இதுல வர்ற? உன் வேல ஊசி போடுறது. எஞ்சினுக்கு ஊசி போட்டா எந்திரிக்குமா?"

மிஸ்ஸி என்றால் இந்த ஊரில் தாதி. வார்டில் நோயாளிகள் அந்தச் சொல்லை அன்போடு சொல்வார்கள். பெரியப்பா சொன்னது வேறு மாதிரி. நான் என் சீருடைக்குப் பதிலாக அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டேன்.

மாலையில் கோயில் செயலாளர் போன் செய்தார். மரியாதையான குரல். "அண்ணே, தண்ணி புகுந்துச்சுன்னு கேள்விப்பட்டோம். வருத்தமா இருக்கு. சத்தமே இல்லாத ஜெனரேட்டர் ஒரு கம்பெனில குடுக்குறாங்களாம். நாங்க கேட்டு வெச்சிருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழம பொழுது சாயுறதுக்குள்ள உங்களுது ஒரு மணி நேரம் நிக்காம ஓடுறதக் காட்டுங்க. இல்லன்னா அவங்களுக்கு ஓகே சொல்லிடுவோம்."

போனை வைத்துவிட்டு அப்பா எஞ்சினின் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். ரதம் போனால் அதைப் பார்த்து வரும் மற்ற வேலைகளும் போகும். அதற்குப் பிறகு கொண்டோ வாசல்தான். அப்பா ஒருவருக்கும் கேட் திறந்துவிட்டதில்லை. கேட்டுக்கே விளக்குப் போட்டவர்.

ஆகவே ஆரம்பித்தோம். எஞ்சினின் அடித்தட்டிலிருந்து எண்ணெயைத் திறந்துவிட்டபோது கறுப்பாக வரவில்லை, தண்ணீர் கலந்து பால்போல வந்தது. புது எண்ணெய் ஊற்றி, கையால் சுற்றி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினோம். காற்று வடிகட்டியைத் தூக்கிப் போட்டு வேறு மாட்டினோம். மின்சாரம் எடுக்கும் டைனமோவைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, என் ஹேர் டிரையரையும் இரண்டு பெரிய விளக்குகளையும் பக்கத்தில் வைத்துக் காய வைத்தோம். ஈரம் காய்ந்ததா என்று பார்க்கும் மீட்டரின் முள் நல்ல இடத்துக்கு வரும் வரைக்கும் அப்பா அதைத் தொடவிடவில்லை. டாங்கியில் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் அதையும் காலி செய்து புது டீசல் நிரப்பினோம்.

அம்மாவுக்கும் ஒரு வேலை இருந்தது. ஆயுத பூஜைக்கு டாங்கியின் பக்கவாட்டில் ஒரு விரலால் சந்தனம் தொட்டு வைப்பது அவர் வழக்கம். இந்தத் தடவை பெரியப்பா, "ஊர்க்கண்ணு பட்டிருக்கு, நல்லா வையிம்மா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாக்கடைத் தண்ணீர் பட்ட உடம்பு என்று அம்மா எஞ்சினை மஞ்சள் நீரால் துடைத்தார். பிறகு தேக்கா சந்தையில் வாங்கிய சந்தனத்தில் மஞ்சளும் கலந்து கெட்டியாகக் குழைத்து, எஞ்சினின் உச்சியில், டாங்கி மூடியின் நடுவில், பெரிய பொட்டாக வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். அங்கேதான் நெற்றி என்றார். எஞ்சின் மங்களகரமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. அப்பா ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினார். எஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினார். வெள்ளைப் புகை, பிறகு கறுப்புப் புகை, பிறகு அந்தச் சத்தம். டுக், டுக், டுக் என்று ஆரம்பித்து ஒரே ஓட்டமாகச் சேர்ந்துகொண்டது. சுவரில் தொங்கிய சோதனை விளக்குகள் எரிந்தன. பாய் கடையிலிருந்து ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கினார். அம்மா கண்ணைத் துடைத்தார்.

பத்து நிமிடம் ஓடியிருக்கும். சத்தம் இளைத்தது, விளக்குகள் மங்கின, எஞ்சின் நின்றுவிட்டது.

அப்பா மூடியைத் திறந்து டீசலைப் பார்த்தார். நிறைய இருந்தது. குழாயில் காற்று சேர்ந்திருக்கும் என்று திருகைத் தளர்த்தி, டீசலை வழியவிட்டு, மறுபடி முடுக்கிச் சுற்றினார். உடனே பிடித்துக்கொண்டது. மறுபடி பத்து நிமிடம். மறுபடி நின்றது. டீசல் வடிகட்டியை மாற்றினோம். ஓடியது, நின்றது. குழாயை மாற்றினோம். ஓடியது, நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அம்மா கிண்ணத்தோடு வந்து, "இன்னும் திருஷ்டி போவல," என்று பொட்டின்மேல் இன்னொரு பூச்சு வைத்துவிட்டுப் போனார்.

பாய் ஒரு வழி சொன்னார். "அண்ணே, ஓடுற பத்து நிமிஷத்த வெட்டி ஒட்டி வீடியோ பண்ணி அனுப்பிடுங்க. இந்தக் காலத்துல யார் முழுசாப் பாக்குறா?"

"அனுப்பிடலாம் பாய். நாளைக்கு ரதம் பாதி வழியில இருட்டுல நின்னா, அந்த வீடியோவக் காட்டியா வெளிச்சம் குடுக்குறது?"

மதியத்துக்கு மேல் பெரியப்பா வந்தார், லாரி நாளைக்கு எத்தனை மணிக்கு என்று உறுதிப்படுத்த. எஞ்சின் அவர் கண் முன்னாலேயே ஒருதரம் ஓடி நின்றது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "வயசாயிடுச்சுடா அதுக்கு. உன்ன மாதிரியே. கொஞ்ச நேரம் நல்லாப் பேசும், அப்புறம் மூச்சு வாங்கும்."

அப்பா மறுபடி டாங்கி மூடியைத் திருகினார். நான் பக்கத்தில் குனிந்திருந்தேன். மூடி தளர்ந்த நொடியில் ஒரு சத்தம் கேட்டது. உஸ் என்று, மிகச் சின்னதாக. காற்று உள்ளே போகிற சத்தம்.

"அப்பா, மூடுங்க. ஓட்டுங்க. நின்ன பிறகு நான் தொறக்குறேன்."

"என்ன பாப்பா?"

"ஓட்டுங்கப்பா."

ஓடியது. நின்றது. பெரியப்பாவை வாயை மூடச் சொன்னேன். ஆம், அந்தச் சொல்லில்தான் சொன்னேன். காதை மூடியின் பக்கத்தில் வைத்துத் திருகினேன். உஸ்.

வார்டில் சில மருந்துகள் கண்ணாடிப் பாட்டிலில் வரும். பிளாஸ்டிக் பை மருந்து இறங்க இறங்கச் சுருங்கிக்கொள்ளும். கண்ணாடி சுருங்காது. வெளிக்காற்று உள்ளே போக வழி இல்லையென்றால் சொட்டு முதலில் மெதுவாகும், பிறகு நின்றுவிடும். பாட்டிலில் மருந்து இருக்கும், குழாயில் அடைப்பு இருக்காது, ஊசி நரம்பில் சரியாக இருக்கும், ஆனாலும் இறங்காது. குழாயின் தலையில் காற்றுக்கென்று ஒரு சின்ன மூடி உண்டு. அதைத் திறந்துவிட்டால் சொட்டு தானாக விழும். பயிற்சியின் முதல் மாதத்தில் எங்கள் எல்லாருக்கும் இது ஒருதரமாவது நடந்திருக்கும்.

"டாங்கிக்குள்ள காத்து போவல," என்றேன். "டீசல் எறங்க எறங்க உள்ள வெறும் எடம் ஆகுது, காத்து வந்தாதான் மிச்சம் எறங்கும். நீங்க டீசல் இருக்கான்னு பாக்கத் தொறக்குறீங்க, காத்து போவுது, மறுபடி ஓடுது. அவ்ளோதான்."

"மூடியில ஓட்டை இருக்கே. கம்பெனியே போட்டு அனுப்புன ஓட்டை. சரியா நடு..." அப்பா நிறுத்தினார். மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

ஓட்டை இல்லை. அந்த இடத்தில் எஞ்சின் சூட்டில் காய்ந்து, பூச்சுமேல் பூச்சாக ஏறி, சிமெண்டைப்போல இறுகிய சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம்.

பெரியப்பா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ! தண்ணி சாகடிக்கலடா! ஒன் பொண்டாட்டி பொட்டு வெச்சே மூச்ச நிறுத்திட்டா!"

அம்மாவின் முகம் சுருங்கியது. கையில் கிண்ணம் இருந்தது, அடுத்த பூச்சுக்கு. நான் கோபமாகப் பெரியப்பா பக்கம் திரும்பினேன். ஆனால் அம்மாவே முந்திக்கொண்டார்.

"ஊர்க்கண்ணு பட்டிருக்கு, நல்லா வையிம்மான்னு சொன்னது யாரு மாமா?" என்று பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார். சத்தமில்லாமல்தான் கேட்டார். பெரியப்பாவின் சிரிப்பு பாதியில் இறங்கிவிட்டது.

"தள்ளுங்க," என்று அம்மா எங்கள் இருவரையும் விலக்கினார். தாலிச் சங்கிலியைச் சேலைக்குள்ளிருந்து வெளியே இழுத்தார். அதில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்கு தொங்கும், எங்கள் சட்டைப் பித்தான்கள் அறுந்த காலத்திலிருந்து. ஒன்றைக் கழற்றி, நிமிர்த்தி, மூடியின் நடுவில் குத்தினார். சந்தனம் துண்டு துண்டாக உதிர்ந்தது. அடியில் சிறிய ஓட்டை தெரிந்தது. அதற்குள் ஊக்கை விட்டுச் சுற்றினார். உதட்டில் வைத்து ஊதினார். மறுபக்கம் காற்று வந்ததை உள்ளங்கையில் பார்த்துக்கொண்டு மூடியை அப்பாவிடம் கொடுத்தார்.

"இப்ப ஓட்டுங்க."

ஓடியது. நான் செயலாளருக்கு வீடியோ அழைப்புப் போட்டு போனை வாளிமேல் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர், "சரிண்ணே, நல்லா ஓடுது, போதும்," என்றார்.

"இல்லிங்க. ஒரு மணி நேரம்னு சொன்னீங்க," என்றார் அப்பா. "பாருங்க."

"இல்லண்ணே, எனக்குக் கொஞ்சம் வேல..."

"போன வெக்காதீங்க. பாருங்க."

பாவம், அவர் பார்த்தார். நடுவில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பாய் குனிந்து திரையில் அவருக்கு ஸலாம் சொல்லி, சூட்கேஸ் ஏதாவது வேண்டுமா என்று விசாரித்தார். பெரியப்பா போகவும் மனமில்லாமல் நிற்கவும் இடமில்லாமல், கடைசியில் சேற்றிலேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். பத்து நிமிடம் தாண்டியது, எஞ்சின் நிற்கவில்லை. அதற்குப் பிறகு எஞ்சின் மட்டும்தான் பேசியது. ஒரு மணி நேரம் முடிந்ததும் செயலாளர், "நாளைக்கு வந்துடுங்க," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

சனிக்கிழமை காலையில் பழைய இரும்பு லாரி சரியாக வந்தது, கூடவே பெரியப்பாவும். லாரியை வேண்டாம் என்று சொல்ல அவர் மறந்துவிட்டாராம், அல்லது சொல்ல மனம் வரவில்லை. ஓட்டி வந்தவர் ஒரு சீனப் பெரியவர், கழுத்தில் துண்டு. எஞ்சினைச் சுற்றி வந்து, "மானா? இனி கா?" என்று மலாயில் கேட்டார், எங்கே, இதுதானா என்று. அப்பா லாரியைப் பார்த்தார். பின்னால் தூக்கி ஏற்றும் சங்கிலியும் கப்பியும் இருந்தன. எங்கள் லாரி இன்னும் வொர்க்‌ஷாப்பில்தான் இருந்தது.

"இதான். ஏத்து," என்று அப்பா மலாயிலேயே சொன்னார். "ஆனா உன் இடத்துக்கு இல்ல. புக்கிட் மேராவுக்கு."

பெரியவர் எஞ்சினைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஹேண்டிலைப் பார்த்தார். "மாசே ஹிடூப்?" என்று கேட்டார். இன்னும் உயிர் இருக்கிறதா என்று. அப்பா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்து, "போலே லா, போலே!" என்றார், முடியும், முடியும் என்று.

ஏற்றி முடித்ததும் அம்மா கிண்ணத்தோடு லாரியின் பக்கத்தில் போனார். அப்பா, பாய், நான், பெரியப்பாவும்கூட, ஒரே குரலில், "மூடியில வேணாம்!" என்று கத்தினோம்.

"எனக்குத் தெரியாதா?" என்று அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். டாங்கியின் பக்கவாட்டில், பழைய இடத்தில், ஒரு விரலால் தொட்டு வைத்தார். மிச்சத்தைக் கிண்ணத்தோடு பெரியப்பாவிடம் நீட்டினார். "நீங்க நெத்தியில வெச்சுக்கங்க மாமா. உங்களுக்குத்தான் திருஷ்டி அதிகம்."

அன்று மாலை ரதம் புளோக்குகளைச் சுற்றி வந்தது. நான் தட்டு வண்டியில் எஞ்சினின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், அப்பா கூடவே நடந்தார். ஒவ்வொரு புளோக்கின் அடியிலும் அர்ச்சனைத் தட்டோடு ஆட்கள் நின்றார்கள். சத்தத்துக்கு முகம் சுளித்தவர்களும் உண்டு. ஒரு பையன் காதைப் பொத்தினான். நான் அவனுக்குக் கையசைத்தேன். மணியும் நாதஸ்வரமும் கேட்காத இடங்களிலும் எங்கள் எஞ்சின் கேட்டது. ரதத்தின் ஒரு விளக்குகூட மங்கவில்லை.

ரதம் கோயிலுக்குள் திரும்பியது. தீபாராதனை முடிந்தது, பிரசாதம் கொடுத்தார்கள், ஆட்கள் கலைந்தார்கள். அலங்கார விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றியாயிற்று. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, எதற்கும் மின்சாரம் கொடுக்காமல், சும்மா. செயலாளர் வந்து நின்றார்.

"அண்ணே, எல்லாம் முடிஞ்சிடுச்சே. நிறுத்தலாம்ல?"

"நிறுத்தலாம்," என்றார் அப்பா. நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றார். முந்தின நாள் காலையிலிருந்து அது தானாக நிற்பதைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ நிறுத்து."

நான் இறங்கிப் போய் எஞ்சினை நிறுத்தும் லீவரைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் நின்றது.